பாசிக்குப் பாசிதான் மருந்து

போன மாதம், வழக்கமாகப் போகும் வண்ணமீன் கடையில் புலம்பினேன். "அண்ணே, தொட்டிக் கண்ணாடி பூரா பாசி. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை வலிக்குது. மருந்து ஏதாவது இருக்கா?"

"மருந்தெல்லாம் வேணாம் தம்பி. பாசி போடு, பாசி போயிடும்."

கிண்டல் இல்லை. அவர் போடச் சொன்னது வேலம்பாசி. தாவரவியலில் ஹைட்ரில்லா, வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள நீர்ச்செடி. போகவேண்டியது கண்ணாடியில் வழுக்கும் பச்சை, அதாவது ஆல்கா. தமிழில் இரண்டுக்கும் பாசி என்றே பேர். இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

1770-களின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒன்றைக் கவனித்தார். தண்ணீர் வைத்த கண்ணாடிப் பாத்திரங்களில் தானாகப் படிந்த ஒரு பச்சைப் பொருளிலிருந்து நல்ல காற்று வெளிவந்தது. காற்று, ஆக்ஸிஜன். பச்சைப் பொருள், நம்ம தொட்டிப் பாசியேதான்! 1779-ல் யான் இங்கன்ஹவுஸ் இலைகளைத் தண்ணீரில் மூழ்கவைத்து, வெயில் பட்டால்தான் அந்தக் குமிழிகள் வருகின்றன, இருட்டில் வருவதில்லை என்று காட்டினார். ஆக, செடிக்கும் பாசிக்கும் ஒரே சாப்பாடு: வெளிச்சம்.

அடுத்தது லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். 1849-ல் பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சின்னத் தங்கமீன்கள், நாடா மாதிரி இலை உள்ள வாலிஸ்நேரியா செடி. முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு இலைகள் அழுக, பச்சை படிய, தண்ணீர் கலங்கியது. ஐந்தாறு குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலையும் பச்சையையும் தின்று தெளியவைத்தன. அடுத்த ஆண்டு இதைக் கட்டுரையாக வெளியிட்டார். மீன்தொட்டிப் பொழுதுபோக்குக்கு அடித்தளம் போட்ட கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் நத்தை பாதி வேலைதான் செய்கிறது. அது தின்றதும் கழிவாகித் தண்ணீருக்கே திரும்புகிறது. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் எல்லாமே உரம். செடி வேகமாக வளர்ந்தால் அதை இழுத்துக்கொள்ளும். நாம் தழையை வெட்டி எடுக்கும்போது உரமும் தொட்டியைவிட்டு வெளியேறும். செடி சுணங்கினால் அந்த உரம் பாசிக்கு விருந்து. கடைக்கார அண்ணன் சொன்னதன் கணக்கு இதுதான்.

இந்த வேலைக்கு வேலம்பாசி கெட்டிக்காரன். ரொம்பக் குறைந்த வெளிச்சத்திலும் வளரும். ஒரு துண்டு தண்டு போதும், முளைத்துவிடும். இதே குணம்தான் வினையும் ஆனது. 1950-களில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மீன்தொட்டிச் செடியாக வேலம்பாசி போனது. அங்கே கால்வாயில் கலந்து, ஏரிகளையும் ஆறுகளையும் அடைத்தது. 1987-ல் அதைத் தின்னும் ஒரு சிறு ஈயை இந்தியாவிலிருந்து கொண்டுபோய்விட வேண்டிவந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்குச் செடிகள் கடல் தாண்டுவது புதிதல்ல. இங்குள்ள தாவரவியல் பூங்கா 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது. பல தேசத்து மரங்கள் அதில் நிற்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை நம் நீர்நிலைகளை மூடுவதையும் பார்க்கிறோம். வேலம்பாசி அதே கதையைத் திருப்பி எழுதியது.

நான் செய்தது இவ்வளவுதான். ஜன்னலோரம் இருந்த தொட்டியை நேர்வெயில் படாத சுவருக்கு மாற்றினேன். விளக்கு தினம் எட்டு மணி நேரம், அதற்கு மேல் இல்லை. தீனியைப் பாதியாக்கினேன். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றி, வேலம்பாசியைக் கத்தரிக்கிறேன். மூன்று வாரத்தில் கண்ணாடி தெளிந்துவிட்டது. கல்லில் மட்டும் கொஞ்சம் பச்சை. இருக்கட்டும், நத்தைக்கும் ஏதாவது வேண்டுமே.

கத்தரித்ததை வாய்க்காலில் போடுவதில்லை. வேலம்பாசி இந்த ஊர்ச் செடிதான், ஆனால் என் தொட்டியில் அமேசான் வாள்செடியும் இருக்கிறது. எல்லாவற்றையும் மாடி வெயிலில் சருகாகக் காயவைத்துத் தொட்டிச் செடிகளுக்கு உரமாகப் போடுகிறேன். புளோரிடாவிலும் ஒரு கால்வாயில்தானே ஆரம்பித்தது?