கடல் மர்மமும் வான் மர்மமும்

1974-ஆம் ஆண்டு சார்லஸ் பெர்லிட்ஸ் எழுதிய நூலொன்று, பெர்முடா முக்கோணத்தில் கப்பல்கள் காரணமின்றி மறைவதாக உலகெங்கும் பரப்பியது. மறு ஆண்டே லாரன்ஸ் குஷே பழைய செய்தித்தாள்களை ஆராய்ந்து, புயலில் மூழ்கிய கப்பல்கள் சில, காற்றசையாத கடலில் மறைந்தனவாகப் பேசப்பட்டதை விளக்கினார்.

வானைப் பற்றிய அத்தகைய மர்மம் ஒன்று மைசூரிலிருந்து பரவியது. அங்கு ஜி. ஆர். ஜோஸ்யர் 1973-இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்ட 'வைமானிக சாஸ்திரம்', பரத்துவாச முனிவரின் விமான நூலெனப் போற்றப்பட்டது. மறு ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழக அறிஞர்கள், அது 1904-க்கு முற்பட்டதன்று என்றும், அதிற்கண்ட விமானங்கள் பறக்கவியலாதவை என்றும் நிறுவினர்.

அதே மைசூரில்தான் நம் தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாயிரம் பல்லாண்டுகள் காக்கப்பட்டன. அயல் மாநிலங்களில் வாழும் நாம் முன்னோர் பெருமையைப் பேசுங்கால், அத்தகைய சான்றுகளையே துணைக்கொள்வோமாக. ஆராய்ச்சிக்கு நில்லாத பெருமை, மெய்ப்பெருமையையும் ஐயத்துக்கு உள்ளாக்கும்.