கேளம்பாக்கத்தில் பூனை வளர்ப்பு

கேளம்பாக்கம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் கோவளம் சாலையும் இங்கே கூடுகின்றன. கிழக்கே உப்பளமும் கழிமுகமும் பக்கிங்காம் கால்வாயும். வடக்கே சிறுசேரி மென்பொருள் பூங்காவை ஒட்டி எழுந்த அடுக்ககங்கள். இவற்றுக்கு நடுவே பழைய ஊரின் தெருக்கள், மீன் கடைகள், மனை போட்டும் வீடு எழும்பாத புதர்க்காடுகள். முதன்முதலாகப் பூனை வளர்க்க விரும்பும் குடும்பம் எந்தப் பூனையை எடுப்பது, எங்கே வைத்து வளர்ப்பது, என்ன கொடுப்பது என்று கேட்கும்போது, விடை பெரும்பாலும் இந்த நிலத்திலேயே இருக்கிறது. இங்குள்ள தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக் குட்டியை எடுத்து, உரிய வயதில் கருத்தடை செய்து, வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது பூனைக்கும் ஊருக்கும் நல்லது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வீட்டுப் பூனை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையின் வழி வந்தது. மேற்காசியாவில் உழவு தொடங்கியபோது தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் மனிதரின் அருகே புதைக்கப்பட்ட ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமையுள்ள பூனை எலும்புக்கூடு பற்றி 2004இல் அறிவிக்கப்பட்டது. கேளம்பாக்கத்துக்கு அண்மையில் கிடைக்கும் பழஞ்சான்று கல்லில் இருக்கிறது. தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத்தில், முன்கால்களை மேலே தூக்கித் தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் செதுக்கப்பட்டுள்ளன. பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் அந்த உடலைப் பல்லவச் சிற்பி பூனையை நெருங்கிப் பார்த்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும்.

தேர்வு

நாட்டுப் பூனை என்பது இனத்தூய்மை பார்த்து உருவாக்கப்பட்டது அன்று. பல தலைமுறைகளாக இந்த வெயிலிலும் புழுக்கத்திலும் பிழைத்தவற்றின் வாரிசு அது. குட்டையான முடி, ஒடிசலான உடல், நீண்ட முகம் ஆகியவை இந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தியவை. ஒரே ஈற்றில் கறுப்பு, சாம்பல், வரி, வெள்ளை எனக் குட்டிகள் கலந்து பிறக்கும். ஒரு பெட்டை ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு இணையக்கூடும் என்பதால், ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குத் தந்தையர் வேறு வேறாகவும் இருக்கலாம். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மூன்று நிறம் கலந்த பூனை அநேகமாக எப்போதும் பெட்டைதான்.

கடைகளில் அதிகம் கேட்கப்படுவது பாரசீகப் பூனை. அடர்ந்த நீள முடியும் தட்டையான முகமும் அதன் அழகு. கடலோரப் புழுக்கத்தில் அவையே அதன் துன்பமும். முகம் தட்டையாக இருப்பதால் மூச்சுப் பாதை குறுகுகிறது, கண்ணீர் ஓயாமல் வழிகிறது. முடி நாள்தோறும் சீவப்படாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். ஈரம் தங்கிய முடிக்கடியில் படர்தாமரை எளிதில் பற்றும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றும். சிறுநீரகத்தில் நீர்ப்பைகள் பெருகும் மரபுநோயும் இந்த இனத்தில் மிகுதி. குளிர்சாதன அறையும் நாள்தோறும் சீவ நேரமும் இல்லாத வீட்டுக்கு முதல் பூனையாக இது ஏற்றதன்று. பணம் கொடுத்து வாங்க ஆள் இருக்கும்வரை குட்டிகளுக்காகவே தாய்ப்பூனையைக் கூண்டில் வைத்திருக்கும் வணிகமும் இருக்கும்.

குட்டியைத் தாயிடமிருந்து 8 வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது; 10, 12 வாரம் வரை விட்டுவைத்தால் இன்னும் நல்லது. கடிக்காமல் விளையாடத் தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான் அது கற்கிறது. இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதக் கை பட்ட குட்டி மனிதருக்கு அஞ்சாது. இந்தக் காலத்தில் ஆளையே பார்க்காமல் புதரில் வளர்ந்த குட்டியை மடியில் வைத்துக் கொஞ்ச நெடுநாள் ஆகும். நல்ல குட்டிக்குக் கண் தெளிந்திருக்கும், மூக்கு ஒழுகாது, காதுக்குள் காப்பித்தூள் போன்ற கரிய அழுக்கு இராது, ஆசனவாய் சுத்தமாக இருக்கும், வயிறு மட்டும் பானைபோல் உப்பியிராது. உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. பகலெல்லாம் வேலைக்குப் போகும் குடும்பம் ஒரே ஈற்றிலிருந்து இரண்டு குட்டிகளை எடுப்பது நல்லது. ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதால் சோபாவும் திரைச்சீலையும் தப்பும். முதியோர் மட்டும் உள்ள வீட்டுக்கு இரண்டு, மூன்று வயதான, குணம் தெரிந்த பூனை பொருந்தும். பலரும் குட்டியையே கேட்பதால் வளர்ந்த பூனைகளுக்கு வீடு கிடைப்பது அரிது.

வண்டலூர்ச் சாலையோரப் புதர்களிலும் ஏரிக்கரைகளிலும் கிடைக்கும் குட்டிகள் எல்லாம் வீட்டுப் பூனைக் குட்டிகள் அல்ல. நீண்ட கால்களும் குட்டை வாலும் காதுநுனியில் கறுப்பு முடிக்கற்றையும் கொண்ட காட்டுப்பூனை இன்றும் தமிழகப் புதர்க்காடுகளில் வாழ்கிறது. அதன் குட்டி மங்கிய வரிகளோடு நாட்டுக் குட்டிபோலவே இருக்கும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம். தனியாகக் கிடக்கும் குட்டியைத் தூக்குவதற்கு முன் தள்ளி நின்று சில மணி நேரம் காத்திருந்தால், இரை தேடப்போன தாய் பெரும்பாலும் திரும்பிவிடும். நாட்டுப் பூனைக்கும் இதுவே பொருந்தும்.

வீட்டுக்குள் வளர்த்தல்

பூனையை வெளியே விடாமல் வளர்ப்பது கொடுமை என்று எண்ணுவோர் பலர். ஊர் ஓட்டு வீடுகளாக இருந்த காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. இன்று பழைய மாமல்லபுரம் சாலையின் வேகம், தெருநாய்க் கூட்டம், எலிக்கு வைக்கும் விஷம் ஆகியவை வெளியே திரியும் பூனையின் ஆயுளைச் சில ஆண்டுகளில் முடித்துவிடுகின்றன. வீட்டுக்குள் வளரும் பூனை 12 முதல் 18 ஆண்டு வரை வாழும்.

பூனையால் பிற உயிர்களுக்கு வரும் கேடும் உண்டு. கேளம்பாக்கம் உப்பளமும் கோவளம் கழிமுகமும் பறவை நோக்குவோர் நன்கறிந்த இடங்கள். ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடுபவை. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். பசி வேறு, வேட்டை உணர்ச்சி வேறு. புதர் மனைகளை ஒட்டிய தனி வீடுகளில் பாம்பும் ஒரு காரணம். கோவளத்துக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு நஞ்சு எடுக்கும் அளவுக்கு இந்தக் கரையில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் உண்டு. வெளியே திரியும் பூனை கடிபடலாம். பாதி உயிரோடு பாம்பைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரலாம்.

அடுக்ககத்தில் முதல் வேலை பால்கனிக்கும் சன்னலுக்கும் வலை அடிப்பது. பூனை எந்த உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு நியூயார்க்கில் 1984இல் தொகுத்து 1987இல் வெளியான ஆய்வைச் சான்று காட்டுவர். மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பார்த்த அந்த ஆய்வில், சிகிச்சை பெற்றவற்றில் பத்துக்கு ஒன்பது பிழைத்தன. விழுந்த இடத்திலேயே இறந்தவை அந்தக் கணக்கில் இல்லை. பிழைத்தவற்றிலும் தாடை உடைந்தவை, நெஞ்சுக்கூடு அடிபட்டவை பல. புறாவுக்காக அடிக்கும் மெல்லிய நைலான் வலையைப் பூனை கடித்துவிடும். தடித்த வலையோ நெருங்கிய எஃகுக் கம்பியோ வேண்டும். குட்டியின் தலை நுழையும் இடைவெளியில் உடலும் நுழையும்.

உள்ளே இருக்கும் பூனைக்கு உயரம் தேவை. அலமாரி மேல் ஒரு விரிப்பு, சன்னலோரம் ஒரு பலகை, நகம் கீற ஒரு கட்டை. கடையில் விற்கும் கீறல் கம்பத்துக்குப் பதில், ஆடாத கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுகச் சுற்றினால் போதும். பூனை முழு உடலையும் நீட்டிக் கீறும் அளவுக்கு அது உயரமாக இருக்க வேண்டும். வேலை முடிந்து வந்தபின் இரவு உணவுக்கு முன் கால் மணி நேரம் கயிற்றை இழுத்து விளையாடினால், நள்ளிரவில் காலைக் கடித்து எழுப்பும் பழக்கம் குறையும்.

உணவு

கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனையும் பூனையோடு தம்மை ஒப்பிட்டார். பூனைக்குப் பால் என்ற எண்ணம் தமிழில் அவ்வளவு பழையது. ஆயினும் தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை; கழிச்சல்தான் கண்ட பலன். தாயில்லாக் குட்டிக்கும் பசும்பால் ஆகாது. அதற்கென விற்கும் குட்டிப்பால் மாவைக் கரைத்து, குட்டியைக் கவிழ்த்துப் பிடித்து ஊட்ட வேண்டும். மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலில் ஏறும்.

மரக்கறி வீட்டில் பூனை வளர்ப்போர் தெளிவாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. பூனை ஊன் இல்லாமல் வாழாத விலங்கு. டாரின் என்ற சத்தைத் தேவையான அளவு அதன் உடல் ஆக்காது; வைட்டமின் ஏவைக் காரட்டிலிருந்து அது பெற முடியாது. டாரின் குறைந்தால் கண்ணின் விழித்திரை அழியும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதயநோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்காவில் பால் பியன் (Paul Pion) என்ற ஆய்வாளரின் குழுவினர் 1987இல் நிறுவினர். அதன்பின் பூனைத் தீனித் தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினர். தயிர்ச்சோறு மட்டும் தின்று வளரும் பூனை கொழுகொழுவென்று இருந்தாலும் உள்ளே குருடாகிக்கொண்டிருக்கலாம். சமையலறையில் ஊன் கூடாது என்றால், பூனைக்கென்று சத்துகள் சமன்செய்த உலர்தீனியும் பாக்கெட் ஈரத்தீனியும் வாங்கித் தனித் தட்டில் வைக்கலாம். அதுவும் முடியாத வீடு பூனை எடுக்காமல் இருப்பதே முறை.

கோவளத்து மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும்போது மீன் கொடுக்கலாம். ஆனால் அதுவே முழு உணவாகக் கூடாது. இவ்வகை மீன்கள் பலவற்றின் பச்சைத் தசையில் தயமின் சத்தை அழிக்கும் நொதி உண்டு; வேகவைத்தால் அது அழியும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, வெந்த நீரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். டாரின் நீரில் கரைவது. நீரைக் கொட்டினால் சத்தும் போகும். கருவாடு உப்புக்கட்டி, கொடுக்கவே கூடாது. குழம்பில் கிடந்த மீனும் அப்படியே: வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனித் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். உலர்தீனி தின்று தண்ணீர் குறைவாகக் குடிக்கும் கடுவனுக்குச் சிறுநீர்ப் பாதை அடைக்கும். திரும்பத் திரும்ப மண்தட்டில் உட்கார்ந்து முக்கி, சொட்டும் வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் கொடுத்துக் காலம் கடத்தக் கூடாது. இரண்டு நாளில் உயிர் போகும்.

மண்தட்டு

பூனை எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக, சத்தமும் நடமாட்டமும் இல்லாத மூலையில் வைக்கலாம். கடையில் கிடைக்கும் பெண்டோனைட் மண் கட்டிபிடிப்பதால் அள்ள எளிது. சலித்த மணலும் உதவும், ஆனால் அடிக்கடி முழுதாக மாற்ற வேண்டும். நாள்தோறும் அள்ளுவதற்கு நாற்றம் மட்டும் காரணமன்று. டாக்ஸோபிளாஸ்மா கிருமியின் முட்டை மலத்தோடு வெளிவந்து, குறைந்தது ஒரு நாள் கழிந்தபின்தான் தொற்றும் நிலையை அடைகிறது. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் பூனையை விரட்டத் தேவையில்லை. வேறொருவர் தினமும் தட்டை அள்ளினால் போதும். பூனை முடி வயிற்றுக்குள் போனால் ஆஸ்துமா வரும் என்பதும் சரியன்று. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் இருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர் வீட்டில், எடுக்கும் முன் அந்தப் பூனையோடு சில நாள் பழகிப் பார்க்க வேண்டும்.

மருத்துவம்

குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முத்தடுப்பு ஊசி தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போடப்படும். இது பூனைக் கழிச்சல் நோயையும் இரு சுவாச நோய்களையும் தடுக்கும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். பூனை கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ, சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வெறிநோய் நாயால் மட்டுமே வருவதன்று.

பெட்டை நான்காம் மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் ஏறத்தாழ 65 நாள். பகல் நீளம் அதிகம் மாறாத நம் பகுதியில் ஆண்டு முழுதும் குட்டிகள் பிறக்கின்றன. ஐப்பசி மழையில் பிறப்பவை வாகன நிறுத்தத்தில் கார் எஞ்சினுக்குள் ஒண்டுகின்றன. நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் செய்யும் கருத்தடை இந்த வரிசையை நிறுத்துகிறது. கடுவன் சுவரில் பீய்ச்சுவதையும் சண்டையிடுவதையும் பெரிதும் குறைக்கிறது. ஒருமுறை ஈன்றபின் செய்வதே நல்லது என்பதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. உதவிக்கு அணுகக்கூடிய, 1959இல் தொடங்கிய இந்திய புளூ கிராஸ் அமைப்பின் மையம் கிண்டி, வேளச்சேரி சாலையில் உள்ளது. சிக்கலான நோய்களுக்கு 1903இல் நிறுவப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. கேளம்பாக்கத்திலிருந்து வேப்பேரி தொலைவு என்பதால், அவசரத்துக்கு அருகில் எந்த மருத்துவர் இரவிலும் பார்ப்பார் என்பதைப் பூனை வருவதற்கு முன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லும். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. கற்பூரம், அந்துருண்டை, நீலகிரித் தைலம், பினாயில் எல்லாம் எட்டாத இடத்தில் இருக்கட்டும். அடுக்ககத் தோட்டங்களில் அழகுக்கு வைக்கும் சைகஸ் செடியும், மாநில மலரான செங்காந்தளும், பூங்கொத்துகளில் வரும் லில்லியும் நஞ்சு. மல்லிகை கட்டும் நூலைப் பலர் நினைப்பதில்லை: பூவோடு அதை விழுங்கிய பூனையின் குடல் மடிந்து அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சட்டமும் அயலாரும்

1962இல் ருக்மிணி தேவி அருண்டேலின் தலைமையில் அமைந்து, நெடுங்காலம் சென்னையிலிருந்தே இயங்கிய இந்திய விலங்கு நல வாரியம், 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. நாய்களை முன்வைத்து எழுதப்பட்டதாயினும், பெரும்பான்மை வாக்கெடுத்தும் செல்லப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்ற அதன் கருத்தைப் பூனை வளர்ப்போரும் சங்கத்தின் முன் வைக்கலாம். வாடகை வீட்டில் உரிமையாளரிடம் முன்பே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே பாதுகாப்பு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தென்புறநகரின் பல தெருக்கள் மூழ்கின. ஒவ்வொரு பூனைக்கும் ஒரு கேரியர் கூடை, கார்த்திகை முடியும்வரை கைக்கெட்டும் இடத்தில் திறந்தே கிடக்க வேண்டும்; பழகிய கூடைக்குள்தான் பூனை பதறாமல் ஏறும். தீபாவளி வெடிக்கும் அதுவே மறைவிடம்.

மென்பொருள் நிறுவனங்களை நம்பிய வட்டாரம் என்பதால் இங்கே இடமாற்றம் அடிக்கடி நேரும். காலி செய்த வீட்டின் படிக்கட்டில் பூனைகள் விடப்படுகின்றன. பட்டினியால் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரை தேடவும் நாயிடமிருந்து தப்பவும் தெரியாது. உடன் கொண்டுபோக முடியாதவர் குறைந்தது இரண்டு மாதம் முன்பே புதிய வீடு தேடத் தொடங்க வேண்டும். பூனையோடு அதன் விரிப்பையும் மண்தட்டையும் தடுப்பூசி அட்டையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.