சாமி கண்ணைக் குத்தாவிட்டால்? - எபிகியூரஸின் பதில்

பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லித்தான் நம்மில் பலரை வளர்த்தார்கள். சரி, அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் ஒரு குழந்தை எதற்காக ஒழுங்காக நடக்க வேண்டும்? ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன்பே இதற்குப் பதில் சொன்ன ஒருவர் இருக்கிறார். கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸ்.

முதலில் அன்றைய ஏதென்ஸ் நகரத்தைப் பார்ப்போம். கோயில், பலி, திருவிழா, குறி கேட்பது என்று வாழ்க்கையே தெய்வங்களைச் சுற்றித்தான். ஊர் வணங்கும் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று குற்றம் சாட்டி, கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை கொடுத்த ஊர் அது. அதே ஊரில்தான் கி.மு. 306 வாக்கில் எபிகியூரஸ் ஒரு தோட்டத்தை வாங்கிப் பள்ளி தொடங்கினார். பெண்களுக்கும் அடிமைகளுக்கும்கூட அங்கே இடம் இருந்தது.

இவர் கி.மு. 341-ல் சாமோஸ் தீவில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். எல்லாவற்றுக்கும் முன்னால் 'கேயாஸ்' தோன்றியது என்று கவிஞர் ஹெசியோட் பாடியிருக்கிறாரே, அது என்ன என்று சிறுவனாக இருந்தபோது கேட்டாராம். ஆசிரியர்களுக்கு விளக்கத் தெரியவில்லையாம். அந்த வெறுப்பில்தான் தத்துவத்தின் பக்கம் போனார் என்று பழைய வாழ்க்கை வரலாறு ஒன்று சொல்கிறது.

தெய்வமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஊர்த் திருவிழாக்களிலும் கலந்துகொண்டார். ஆனால் நிறைவான இன்பத்தில் இருக்கும் தெய்வங்கள் கோபப்பட்டு மனிதரைத் தண்டிப்பதும் இல்லை, காணிக்கைக்கு மயங்கி வரம் கொடுப்பதும் இல்லை என்றார். இறந்த பிறகு உணர்வே கிடையாது. ஆகவே பாதாளத்தில் தண்டனையும் கிடையாது.

அப்படியானால் திருடினால் என்ன? ஒருவரை ஒருவர் துன்புறுத்துவதில்லை என்று மனிதர்கள் செய்துகொண்ட உடன்பாடுதான் நீதி என்பது அவர் கருத்து. அதை ரகசியமாக மீறுகிறவன் எத்தனை முறை தப்பித்தாலும், கடைசிவரை மாட்டமாட்டோம் என்று நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது.

"சாமி பயம் போய் போலீஸ் பயம் வந்தது, அவ்வளவுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பின்னாளில் ரோமானிய அறிஞர் சிசரோவும் ஏறக்குறைய இப்படித்தான் மடக்கினார்.

எபிகியூரஸ் நீதியோடு நிற்கவில்லை. இன்பமான வாழ்க்கைக்கு அறிவு தேடித் தருபவற்றில் மிகப் பெரியது நட்பு என்றார். அதை எப்படி வாழ்ந்தார் என்பது அவருடைய உயிலில் தெரிகிறது.

கி.மு. 270-ல் சிறுநீரகக் கல் வலியோடு அவர் இறந்தார். தனக்கு முன்பே இறந்துவிட்ட நண்பர் மெட்ரோடோரஸின் மகனைப் பராமரிக்க வேண்டும், மகளுக்குச் சீர் கொடுத்துத் திருமணம் செய்து வைக்க வேண்டும் என்று உயிலில் ஏற்பாடு செய்திருந்தார். சில அடிமைகளையும் விடுதலை செய்தார். சாகும் தறுவாயில் எழுதிய கடிதத்திலும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படிதான் கேட்டார்.

செத்த பிறகு புண்ணியம் கிடைக்காது, பாராட்டும் காதில் விழாது என்று உறுதியாக நம்பியவர் இதைச் செய்தார். சிசரோ இதே உயிலைக் காட்டி, அவருடைய கொள்கையைவிட அவர் நல்லவர் என்று வாதாடினார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பயமும் பரிசும் இல்லாமல் ஒருவர் நல்லவராக இருக்க முடியுமா என்று ஒரு குழந்தை கேட்டால், தத்துவத்தை அப்புறம் சொல்லலாம். முதலில் இந்த உயிலைச் சொல்லலாம்.