பிம்ப்ரி ஆன்டிபயாடிக்குகளும் செல் அமைப்பும்

புனேயை அடுத்த பிம்ப்ரியில் உள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், மருந்துத் துறையில் இந்திய அரசு தொடங்கிய முதல் நிறுவனம். உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியோடு 1954-இல் அமைக்கப்பட்டு, மறு ஆண்டே பென்சிலின் தயாரிப்பில் இறங்கியது. அங்கு தயாரான பென்சிலின், ஹேமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய முக்கிய மருந்துகள் மூன்றும் செல்லின் வெவ்வேறு பகுதிகளைத் தாக்குபவை. மனித செல்லுக்கும் கிருமியின் செல்லுக்கும் உள்ள வேற்றுமையே அவற்றின் பலம். வேற்றுமை குறையும் இடத்தில் பக்கவிளைவு தலைகாட்டும்.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டு ‘செல்’ எனப் பெயரிட்டவை, உயிர் போன பின் எஞ்சிய சுவர்கள்தாம். உட்கருவுக்கு 1831-இல் ராபர்ட் பிரவுன் பெயர் தந்தார். தாவரங்களும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்பதை 1838, 1839-இல் ஷ்லைடனும் ஷ்வானும் நிறுவினர். ஹூக் கண்ட சுவர் மனித செல்லுக்குக் கிடையாது. கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய சவ்வே அதன் எல்லை. உள்ளே உட்கரு, ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் ஆகியவை உள்ளன. பாக்டீரியாவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆனால் பெரும்பாலான பாக்டீரியாக்களின் சவ்வுக்கு வெளியே பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பின்னல் சுவர் உண்டு.

1928-இல் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின் இந்தச் சுவரைக் குறிவைக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை அது முடக்கிவிடும். வளரும் பாக்டீரியாவின் சுவர் நெகிழ, நீர் உட்புகுந்து செல் வெடிக்கிறது. பென்சிலினைச் சுரக்கும் பெனிசிலியம் பூஞ்சையின் சுவரோ கைட்டினால் ஆனது. ஆகவே தன் நஞ்சு அதைத் தீண்டுவதில்லை. இந்தப் பூஞ்சையைப் பெரிய தொட்டிகளில், கிருமி நீக்கிய காற்றைச் செலுத்தி, இடைவிடாமல் கலக்கி வளர்ப்பார்கள். பென்சிலினைச் சிதைக்கும் பாக்டீரியா உள்ளே நுழைந்துவிட்டால் அந்தத் தொட்டிச் சரக்கு முழுவதும் வீண்தான்.

1960-களின் தொடக்கத்தில் எம். ஜே. திருமலாச்சார் தலைமையிலான ஆய்வுக் குழு, பிம்ப்ரி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பூஞ்சைக்கு எதிரான ஹேமைசினைப் பிரித்தெடுத்தது. நுண்ணுயிருக்கு ஊர்ப்பெயரால் ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்ப்ரினா என்று பெயர். மருந்தின் பெயரில் நிறுவனத்தின் முதலெழுத்துகள் இருக்கின்றன. இது பூஞ்சைச் சவ்விலுள்ள எர்கோஸ்டெராலோடு பிணைந்து, சவ்வைக் கசிய வைக்கிறது. மனிதச் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். இரண்டும் ஒரே குடும்பப் பொருள்கள் என்பதால் இவ்வகை மருந்துகள் உடலுக்குள் சென்றால் மனித செல்லையும் பதம் பார்க்கக்கூடும். தோல், வாய்ப் பூஞ்சை நோய்களுக்கு மேற்பூச்சாக அது பயன்பட்டதற்கு இதுவே காரணம்.

காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினும் பின்னர் இங்கே தயாரானது. பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு புரதத் தயாரிப்பைக் குலைப்பது அதன் வேலை. மனித செல்லின் பொது ரைபோசோம்கள் அளவிலும் அமைப்பிலும் வேறுபட்டவை. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பவையோ பாக்டீரியாவினுடையவற்றை ஒத்தவை. அதனால் அவற்றையும் இம்மருந்து பாதிக்கக்கூடும். உட்செவியின் மயிர்ச்செல்கள் இம்மருந்தால் அழிந்தால் திரும்ப வளர்வதில்லை, செவிடு நிலைத்துவிடும். மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு குறிப்பிட்ட மரபுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே வருவதால், ஊசி போடுமுன் தாய்வழி உறவில் மருந்தால் காது கேளாமல் போனவர் உண்டா என்று மருத்துவர் கேட்டறிவது அவசியம்.