எஸ்1 சான்று

பிரிட்டனின் அரசு முதியோர் ஓய்வூதியம் பெறுபவர் ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் நிரந்தரமாகக் குடியேறினால், அவருடைய மருத்துவச் செலவைப் பிரிட்டன் ஏற்க வழிசெய்யும் ஆவணம். என்.எச்.எஸ். எனப்படும் தேசிய நலச் சேவையின் இலவசச் சிகிச்சை, பிரிட்டனில் வசிப்போருக்கே உரியது. ஆயுள் முழுதும் வரி கட்டியவரும் குடிபெயர்ந்ததும் அதை இழப்பார். இந்த இழப்பை ஈடுகட்டுவதால்தான் எஸ்1 முதியோருக்கு அத்தனை முக்கியமாகிறது.

ஸ்பெயினில் சான்றை முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிய வேண்டும். பிறகு உள்ளூர்ச் சுகாதார நிலையம் மருத்துவ அட்டை தரும். உள்ளூர் முதியவருக்குள்ள உரிமைதான் சான்று வைத்திருப்பவருக்கும், கூடுதலாக ஏதுமில்லை. பிரான்சில் மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்தில் பொதுவாக 70 விழுக்காட்டை அரசுக் காப்பீடு தருகிறது. மீதிக்குப் பலர் துணைக் காப்பீடு எடுக்கிறார்கள். ஆனால் குடியேறிய நாட்டின் ஓய்வூதியமும் பெறுபவருக்கு அந்நாடே பொறுப்பு.

பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகும் இந்த ஏற்பாடு பிழைத்தது. 2020 இறுதிக்குள் குடியேறியவர்களை விலகல் ஒப்பந்தம் காக்கிறது. 2021 முதல் செல்வோருக்கு வணிக, கூட்டுறவு ஒப்பந்தம் பொருந்தும். இந்தியாவுடனோ இலங்கையுடனோ இத்தகைய ஒப்பந்தம் இல்லை. லண்டனில் உழைத்து ஓய்ந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்புபவருக்கு எஸ்1 கிடையாது. தனியார் சிகிச்சையென்றால் காப்பீடோ கைப்பணமோதான் வழி.