மனச்சோர்வை முன்னறிதல், கணினிவழி

ஒருவருடைய எழுத்து, பேச்சு, முகபாவம், நித்திரை, நடமாட்டம் ஆகியவற்றில் தோன்றும் மாறுதல்களைக் கணினியின் துணைகொண்டு ஆராய்ந்து, மனச்சோர்வு நோய் முற்றுவதற்கு முன்னரே அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்ள முயலும் ஆராய்ச்சித் துறை.

மனச்சோர்வை அளக்க வைத்தியர்கள் கையாளும் பி.எச்.க்யூ-9 போன்ற வினாத்தாள்களில் நோயாளிகள் பெற்ற மதிப்பெண்களையும், அவர்களுடைய எழுத்து அல்லது குரலையும் ஒருங்கே கணினிக்கு அளித்து, இரண்டுக்கும் இடையேயுள்ள சம்பந்தத்தை அது தானாகவே கற்றுக்கொள்ளுமாறு செய்வதே இத்துறையின் அடிப்படை முறையாகும்.

2013இல் முன்முன் டி சௌத்ரி முதலியோர், மனச்சோர்வுற்றோரின் ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து, பிறரோடு பழகுதல் குறைதல், துயர உணர்ச்சி மிகுதல், தன்னைப் பற்றியே பேசுதல், இரவு வேளையில் மிகுதியாக எழுதுதல் ஆகிய லட்சணங்களை எடுத்துக்காட்டினர். ஐரோப்பாவில் டேவிட் லொசாடா, ஃபாபியோ கிரெஸ்தானி ஆகியோர் 2016இல் வகுத்த அளவுகோல், நோயைச் சரியாகக் கண்டாலும் காலந்தாழ்த்திக் கண்டால் கருவியின் மதிப்பைக் குறைப்பது. இதனடிப்படையில் 2017 முதல் ‘ஈரிஸ்க்’ என்னும் ஆராய்ச்சிப் போட்டி நடைபெற்று வருகிறது.

எனினும், கணினி கூறுவது சந்தேகமேயன்றி நோய்நிர்ணயம் அன்று. ஆரோக்கியமுள்ளவரை நோயாளியென்றும், நோயாளியை ஆரோக்கியமுள்ளவரென்றும் அது பிழைபடக் கூறுதல் கூடும். ஆங்கிலத் தரவுகளில் பயின்ற கருவி பிற மொழியினரிடத்தில் அவ்வாறே பயன்படுமென்று கொள்ளவும் இயலாது. ஆதலின், சம்பந்தப்பட்டவரின் சம்மதமும், அந்தரங்கத்தின் பாதுகாப்பும், அறிகுறி கண்டவுடன் அவரைப் பரிவோடு ஏற்றுச் சிகிச்சையளிக்கும் வைத்தியரும் இல்லாதவிடத்து இக்கருவியைப் பிரயோகித்தல் தகாது.