காது மிஷினிலிருந்து வந்த கலை

முனையில் உள்ள பில்டரைக் கழற்றி வேறொன்றை மாட்டி, ஒலியை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் வசதியுடன் 2011இல் ஏகேஜி கே3003 இயர்போன் வெளிவந்தது. 2013இல் ஷூர் எஸ்இ846 அதே வழியில் வந்தது. இரண்டும் இசை ரசிகர்களுக்குப் புதுமையாகத் தெரிந்தன. ஆனால் இந்தக் கலை பிறந்தது செவித்திறன் குறைந்தவர்களுக்குக் கருவி பொருத்தியவர்களின் மேசையில். அந்தப் பூர்வீகம் தெரிந்தால்தான் இன்றைய பில்டர்களின் பலமும் குறையும் புரியும்.

காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியில் ஒலி சுமார் 2 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் வழியாகக் காதுக்குள் போகிறது. குழாயின் சொந்த அதிர்வால் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி மட்டும் தூக்கலாகி, பேச்சின் இயல்பு கெடும். அதை அடக்க நுண்வலை பொருத்திய டேம்பர்களைக் குழாய்க்குள் செருகினார்கள். 680 முதல் 4700 ஓம் வரை பல தடை அளவுகளில் கிடைத்த அவற்றை நிறம் பார்த்தே பிரித்தறியலாம். குழாயின் கடைசிப் பகுதி நாதஸ்வரத்தின் அணசு போல 4 மி.மீ. வரை விரிந்தால் 'ச', 'ஸ' ஓசைகள் தெளியும். குழாய் முடியும் இடத்தில் காதுக்குள் பொருந்தும் அச்சில் துளையிட்டால் தாழ்ந்த ஒலிகள் குறையும். துல்லிய ஒலி தரும் செவித்துணைக் கருவிகளைப் பற்றி 1979இல் முனைவர் பட்ட ஆய்வு செய்த மீட் கில்லியன், 1983இல் எட்டிமோடிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார். அது 1988இல் இசைக் கலைஞர்களுக்கான ஈஆர்-15 காதடைப்பானையும், 1991இல் ஈஆர்-4 இயர்போனையும் தந்தது. ஈஆர்-4இன் முனையில் இருந்தது அதே டேம்பர்தான். மருத்துவத்திலிருந்து இசைக்கு வந்த பாதை இது.

போனிலேயே ஈக்வலைசர் இருக்கும்போது பில்டர் எதற்கு என்று கேட்கலாம். நுணுக்கமாகத் திருத்த ஈக்வலைசரே மேல் என்பது உண்மை. ஆனால் ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தாமல் பேஸ் கசிந்தால், ஈக்வலைசரில் அதை ஏற்ற ஏற்றக் கருவிதான் திணறும். பொருத்தமான முனையை மாட்டுவதே தீர்வு. பில்டருக்கும் இதே நியாயம்தான்: ஒலியின் கடைசிச் சில மில்லிமீட்டர் பாதையைப் பாதையிலேயே சரிசெய்ய வேண்டும். இதைவிட வலுவான ஆட்சேபம், நிறுவனம் தரும் மூன்று பில்டர்கள் எப்படித் தனித்தேர்வாகும் என்பது. இது நியாயமானது. செவித்திறன் நிபுணர் மெல்லிய குழாய் மைக்கைக் காதுக்குள் வைத்து அளந்த பிறகு டேம்பரை மாற்ற முடிந்தது. வாங்குபவரிடமோ அளவுகோல் இல்லை. இசைத் துறை கருவியைக் கடன் வாங்கியது, அளவீட்டை விட்டுவிட்டது. 'பேஸ்', 'டிரெபிள்' என்று பெயரிடுவதோடு நில்லாமல், எந்த அலைவெண்ணில் எத்தனை டெசிபல் மாறும் என்று ஒவ்வொரு பில்டருக்கும் அச்சிட்டுத் தருவதே அந்தக் கடனை அடைக்கும் முதல் தவணை.